சாதா பெடலா, கிளிப்லெஸ் பெடலா? உப்புக் காற்றில் ஓட்டுபவரின் ஒப்பீடு

ஞாயிறுதோறும் விடியுமுன் புதுவைக் கடற்கரைச் சாலையிலிருந்து கிளம்பி, அரியாங்குப்பம், கிருமாம்பாக்கம், முள்ளோடை வழியாகக் கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் வரை சென்று திரும்புவது என் வழக்கம். போக வர ஏறக்குறைய 50 கி.மீ. இருக்கும். போட்டியில் கலந்துகொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. வழியில் தேநீர்க் கடை கண்டால் நிறுத்துவேன், கடற்கரையில் கொஞ்ச நேரம் நடப்பேன். இப்படி ஓட்டுகிறவனுக்கு ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடல் எதற்கு என்று ஓராண்டு தயங்கி, பிறகு மாறினேன். மாறி 18 மாதங்கள் ஆகின்றன. பூட்டு இல்லாத சாதா பெடல், இரண்டு போல்ட் கிளீட் (ஷூவின் அடியில் பொருத்தி, பெடலில் மாட்டிக்கொள்ளும் துண்டு) கொண்ட எஸ்.பி.டி., மூன்று போல்ட் கிளீட் கொண்ட ரோடு வகை ஆகிய மூன்றையும் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில், இரண்டு போல்ட் வகையையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் அதைப் பராமரிக்க மனமில்லாதவர் வாங்காமலிருப்பதே நல்லது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பூட்டிக்கொள்ளும் பெடலுக்குக் கிளிப் இல்லாதது என்று பொருள்படும் பெயர் எப்படி வந்தது என்று பலரும் கேட்பார்கள். முன்பெல்லாம் பெடலின் முன்பக்கத்தில் கால்விரல்களை அடக்கும் கூண்டும் வாரும் இருந்தன. டோ கிளிப் என்பது அதன் பெயர். அந்தக் கூண்டு இல்லாமலே காலைப் பிடித்துக்கொள்வதால் இது கிளிப்லெஸ் ஆயிற்று. பனிச்சறுக்குக் காலணியின் பூட்டைத் தழுவி பிரான்சின் லுக் நிறுவனம் 1984இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது; மறு ஆண்டே அந்தப் பெடலோடு பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். ஜப்பானின் ஷிமானோ நிறுவனத்தின் எஸ்.பி.டி. 1990இல் வந்தது. மலைப்பாதையில் ஓட்டுபவர் இறங்கி நடக்கவும் வேண்டியிருக்கும் என்பதால், அதன் சிறிய இரும்புக் கிளீட் ஷூவின் அடிப்பகுதிக்குள்ளேயே பதிந்திருக்கும். நம்மைப் போன்றவர்களுக்குப் பயன்படுவது இந்த ஒரு ஏற்பாடுதான்.

சாதா பெடலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செருப்போடு ஏறலாம், நினைத்த நொடியில் காலை ஊன்றலாம், பராமரிப்பும் பெரிதாகக் கிடையாது. சந்தைக்குப் போகும் என் பழைய சைக்கிளில் இன்றும் அதுதான் இருக்கிறது. மழையில் நனைந்த பிளாஸ்டிக் பெடல் வழுக்கும். சிறு உலோக முனைகள் பதித்த அகலமான பெடலும் தட்டையான ரப்பர் அடி கொண்ட ஷூவும் இருந்தால் அந்தக் குறையும் பெருமளவு நீங்கிவிடும்.

மூன்று போல்ட் ரோடு வகையை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி ஒரு மாதம் ஓட்டினேன். பாதம் முழுவதும் அகலமாக அழுந்துவதால் நெடுநேரம் மிதித்தாலும் உள்ளங்கால் வலிக்கவில்லை. ஆனால் அதன் பிளாஸ்டிக் கிளீட் ஷூவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருப்பதால், தேநீர்க் கடையின் சிமெண்டுத் தரையில் நான்கு அடி நடப்பதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. நடக்க நடக்கக் கிளீட்டும் தேயும். ஒரு மாத அனுபவத்தை வைத்து 200 கி.மீ. ஓட்டுபவருக்கு நான் ஆலோசனை சொல்ல முடியாது. இறங்கி நடப்பவருக்கு அது ஒத்துவராது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

பூட்டிய காலால் பெடலை மேலே இழுத்து வேகம் கூட்டலாம் என்ற பேச்சை நம்பி யாரும் மாற வேண்டாம். சமவெளியில் சீராக ஓட்டும்போது, பூட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும், நாம் கீழ்நோக்கித்தான் மிதிக்கிறோம். எனக்குக் கிடைத்த நன்மை வேறு. நோணாங்குப்பம் பாலம் தாண்டிக் கடற்காற்று எதிரே அடிக்கும்போதும், வேகத்தடையில் சைக்கிள் குதிக்கும்போதும், பாதம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. காலை அடிக்கடி சரிசெய்யும் வேலை இல்லாததால் மிதி ஒரே தாளத்தில் போகிறது. திரும்பி வரும்போது தொடையில் தெரியும் களைப்பு முன்பைவிடக் குறைவு.

இனி, நான் முக்கியமாகக் கருதும் பராமரிப்புக்கு வருகிறேன். முதல் நான்கு மாதம் நான் கிளீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கார்த்திகை மழையில் ஆரோவில் செம்மண் பாதைகளில் இரண்டு வாரம் ஓட்டியபின், ஒரு ஞாயிறு காலை கடலூர்ச் சாலையில் ஏ.எப்.டி. ரயில்வே கேட் மூடிக்கொண்டிருக்க, பூட்டை விடுவிக்க வழக்கம்போல இடது குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினேன். ஷூ திரும்பியது, கிளீட் பெடலிலேயே நின்றுவிட்டது. இரண்டு போல்ட்டுகளில் ஒன்று எங்கோ விழுந்திருந்தது. மற்றொன்று தளர்ந்து கிளீட்டுக்கு அச்சாணி போலாகியிருந்ததால், காலைத் திருப்பத் திருப்ப ஷூ மட்டும் அதன்மேல் சுழன்றது. அப்படியே இடப்புறம் சாய்ந்து விழுந்தேன். முழங்கை சிராய்த்தது. பின்னால் மொபெட்டில் வந்த மீன்கார அம்மா இறங்கி வந்து, “கால எடுப்பா, கால எடு” என்று பதறினார். ஷூவைக் கழற்றிப் பாதத்தை மட்டும் உருவிக்கொண்டு எழுந்தேன். ஷூ பெடலோடு தொங்கியது. வீட்டுக்குத் தள்ளிவந்து, ஸ்பிரிங்கைத் தளர்த்தி, திருப்புளியால் நெம்பித்தான் அதை விடுவிக்க முடிந்தது.

மீதமிருந்த போல்ட்டைக் கழற்றுவதும் எளிதாக இருக்கவில்லை. அதன் அறுகோணக் குழியில் செம்மண் இறுகிக் கல்லாகியிருந்தது, 4 மி.மீ. ஆலன் கீ பாதிகூட உள்ளே இறங்கவில்லை. ஊக்கை நிமிர்த்திக் கால் மணி நேரம் சுரண்டிய பிறகே கீ பிடித்தது. மஞ்சக்குப்பத்தில் எனக்குச் சைக்கிள் பார்க்கும் பெரியவரிடம் காட்டியபோது, “தம்பி, உப்புக் காத்துல இரும்ப சும்மா விட்டா ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கும். கிரீஸ் வைக்காம எதையும் முடுக்காத” என்றார். “இனிமே வெச்சிடறேன்ணே” என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அதன்படியே செய்கிறேன்.

கிளீட் போல்ட்டுகளில் கிரீஸ் தடவி, 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்கி, முதல் ஓட்டம் முடிந்ததும் ஒருமுறையும் பிறகு மாதம் ஒருமுறையும் சரிபார்க்கிறேன். பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கில் பெடலைப் பூட்டும் மரையிலும் கிரீஸ் அவசியம். எஃகு அச்சும் அலுமினியக் கிராங்கும் உப்பு ஈரத்தில் கவ்விக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு. இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது என்பதை மறந்து, கழற்றுவதாக நினைத்து மேலும் இறுக்கிவிடுபவர்கள் உண்டு. ஸ்பேனரை மேல்நோக்கி மாட்டிச் சைக்கிளின் பின்பக்கமாகத் தள்ளினால் இரு பெடலும் கழலும். கடற்கரை மணலில் நடந்துவிட்டு வந்தால், ஏறுமுன் கிளீட்டில் ஒட்டிய மணலைப் பழைய பல்துலக்கியால் தட்டிவிட்டு, வீடு வந்ததும் பெடலின் ஸ்பிரிங்கைத் துடைத்து ஒரு சொட்டுச் செயின் எண்ணெய் விடுகிறேன். எல்லாம் சேர்த்து வாரத்துக்குப் பத்து நிமிட வேலைதான், ஆனால் ஒரு வாரமும் விடக்கூடாத வேலை.

புதிதாக மாறுபவர் கவனிக்க இன்னும் ஒன்று உண்டு. பெரும்பாலும் பெடலோடு வருவது எஸ்.எச்.51 என்ற கிளீட்; அது பக்கவாட்டில் திருப்பினால் மட்டுமே விடும். தனியாகக் கிடைக்கும் எஸ்.எச்.56, பதற்றத்தில் காலைச் சாய்வாக மேலே இழுத்தாலும் விட்டுவிடும். நெரிசலில் ஓட்டும் நமக்கு இரண்டாவதே பாதுகாப்பு. 3 மி.மீ. ஆலன் கீயால் ஸ்பிரிங் இறுக்கத்தை ஆகக் குறைவாக வைத்து, பாகூர் ஏரிக்கரை போல ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் ஐம்பது முறையாவது பூட்டி விடுவித்துப் பழகிவிட்டுச் சாலைக்கு வரலாம். கிளீட்டைக் கோணலாக வைத்தால் முழங்கால் வலிக்கும். எனக்கு வலது காலில் வலித்தது, கிளீட்டைச் சிறிது பின்னுக்குத் தள்ளிக் கோணத்தைத் திருத்தியதும் நின்றது. வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

இன்னும் தயங்குபவருக்கு ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் எஸ்.பி.டி. பூட்டோடும் வரும் பெடல் இருக்கிறது. என் தங்கை மகன் அதைத்தான் பூட்டியிருக்கிறான். கல்லூரிக்குச் செருப்போடும் ஞாயிறன்று ஷூவோடும் ஒரே சைக்கிளில் போகிறான். எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று ஒவ்வொரு சிக்னலிலும் குனிந்து பார்க்க வேண்டியிருப்பது மட்டும்தான் அவனுடைய குறை.