பி0420 கோடும் பெட்ரோல் பிக்கப்பும்: ஓபிடி ஸ்கேனரோடு மூன்று வருடம்

என்னுடையது பிஎஸ்6 பெட்ரோல் மினி பிக்கப், டிஎன் 75 பதிவு. தேங்காப்பட்டணத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் மீன் பெட்டி ஏற்றுவேன். கடல் வரத்து இல்லாத நாட்களில் வாழைக்குலை. மூன்று வருடமாக இந்த வண்டியில் ஒரு புளூடூத் ஓபிடி ஸ்கேனரும் இருக்கிறது, இன்ஜின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பழுதுக் கோட் நம்பர்களைப் படிக்கும் கருவி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகினால் போன் செயலியில் எல்லாம் தெரியும்.

வாங்கக் காரணம் பி0420 என்ற பழுதுக் கோட். செக் இன்ஜின் விளக்கு எரிந்தது, ஆனால் இழுவையிலும் மைலேஜிலும் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு சர்வீஸ் சென்டரில் கோட் நம்பரைப் பார்த்ததுமே, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) போய்விட்டது என்று ஐந்து இலக்கத்தில் எஸ்டிமேட் நீட்டினார்கள். வண்டிக்கு அடியில் யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

உண்மையில் அந்தக் கோடுக்கு அர்த்தம், கன்வெர்ட்டரின் செயல்திறன் குறைந்திருப்பதாகத் தெரிகிறது என்பதுதான். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன் சென்சாரின் வோல்டேஜ் சுமார் 0.1க்கும் 0.9க்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கும். உள்ளே இருக்கும் சீரியம் ஆக்சைடு ஆக்சிஜனைப் பிடித்துவைத்துத் தேவைக்கு விடுவதால், கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின் சென்சாரில் அந்த ஆட்டம் அடங்கி, 0.6, 0.7 பக்கம் ஏறக்குறைய நேராகப் போகும். பின் சென்சாரும் முன்னதைப் போலவே ஆடினால்தான் கன்வெர்ட்டர் மேல் சந்தேகம் பலமாகும். சில வண்டிகளில் முன்னால் இருப்பது ஏர்-ஃப்யூவல் சென்சார். அதில் இந்த ஆட்டத்தைத் தேட வேண்டாம்.

என் வண்டியில் இரண்டு சென்சாரையும் ஒரே கிராஃபில் போட்டுப் பார்த்தேன். பின் சென்சார் முன்னதைப் பின்பற்றவில்லை. ஐடிலிங்கில் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போதே திடீர் திடீரென்று கீழே விழுந்தது. ஆக்சிலேட்டரை மிதித்து ஒரே ஆர்பிஎம்மில் நிறுத்தியதும் ஒழுங்காகிவிட்டது. கருங்கல் பக்கத்தில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணனிடம் போனைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மக்கா, மொதல்ல ஜாயிண்டப் பாப்போம், பொறவு கன்வெர்ட்டர்" என்றார்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயில் ஈரத்துணியை வைத்து அழுத்தினோம். பின் சென்சாருக்குச் சற்று முன்னால் இருந்த ஃபிளாஞ்சில் (குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் இடம்) சோப்புத் தண்ணீர் ஊற்றியதும் நுரை கொப்பளித்தது. ஒரு போல்ட்டின் தலையே துருவில் கரைந்து சப்பையாகியிருந்தது. பேக்கிங் ஓரத்தில் விரல் நீளத்துக்குக் கரிக்கோடு. புகை வெளியே வரும் ஓட்டை வழியாகவே, அழுத்தம் குறையும் நொடிகளில் வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பார்த்ததும் வோல்டேஜ் விழும், பழி கன்வெர்ட்டர் மேல் விழும்.

துருவுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் முழுக்க உப்பு. அது பலகை இடுக்கு வழியாக நேராகச் சூடான சைலன்சரில் விழும். போதாததற்குக் கடற்காற்று வேறு. நம்ம குமரி மாவட்டத்தில் மீன் ஓடும் வண்டிக்கு இந்தக் கோட் வந்தால், முதலில் சைலன்சர் ஜாயிண்டைப் பாருங்கள் என்பேன். பேக்கிங், போல்ட், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

அப்புறம் ஸ்கேனரில் கோட் நம்பரை அழிக்கும் விஷயம். அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். கோட் விழுந்தபோது இருந்த வேகம், இன்ஜின் மேலிருந்த லோடு, இன்ஜின் சூடு எல்லாம் அதில்தான் இருக்கும், அழித்தால் அதுவும் போய்விடும். அழித்ததும் விளக்கு அணைவதால் பழுது சரியாகிவிட்டதாக ஆகாது. இசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், கன்வெர்ட்டரை மறுபடி சோதித்து முடிக்க வேண்டும். அதற்குச் சூடான இன்ஜினோடு கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். தக்கலை, மார்த்தாண்டம் நெரிசலில் அது நடக்கிற காரியமா? காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலையில் ஓட்டியபோதுதான் கேட்டலிஸ்ட் மானிட்டர் என்ற அந்தச் சோதனை முடிந்ததாகக் காட்டியது. ஆடிக்காற்றில் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகக் காலி வண்டியோடு போனால் சீரான வேகத்தை மறந்துவிடலாம்.

போன வருடம் மறுபடி விளக்கு. இந்த முறை பி0301, அதாவது முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங் (பெட்ரோல் சரியாக எரியாமல் போவது), கூடவே பி0420. இரண்டும் சேர்ந்து வந்தால் மிஸ்ஸிங்கைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பாகமே உருகிவிடும். விளக்கு நிலையாக எரிந்தால் ஒர்க்‌ஷாப் வரை ஓட்டலாம், விட்டுவிட்டு மின்னினால் ஓரங்கட்டிவிடுங்கள். எனக்கு இக்னிஷன் காயில் மாற்றியதோடு தீர்ந்தது. பி0420 அதற்குப் பிறகு வரவில்லை.

ஸ்கேனரின் குறைகளையும் சொல்ல வேண்டும். நாள் கணக்கில் செருகியே விட்டால் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். சாதாரண புளூடூத் மாடல் ஐபோனில் வேலை செய்யாது, வைஃபை அல்லது புளூடூத் எல்இ மாடல் வேண்டும். ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளை இந்த விலைக் கருவியில் எதிர்பார்க்காதீர்கள்.

டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் இந்த சென்சார் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் புகை சுத்திகரிப்பு அமைப்பே வேறு, டிபிஎஃப் (கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தொல்லைகள் தனி.