ஹைட் பார்க் பாரக்ஸ், சிட்னி: கள்ளப் பத்திரக்காரர் கட்டிய கொட்டடி

டிக்கெட் எவ்வளவு என்று கேட்பீர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போன அன்று நுழைவு இலவசம். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். ஓபரா ஹவுஸ், பாலம் எல்லாம் இரண்டே நாளில் முடிந்துவிட, மூன்றாம் நாள் காலையில் "வேற என்னடா இருக்கு இந்த ஊர்ல" என்றார். செயின்ட் ஜேம்ஸ் ஸ்டேஷனில் இறங்கி, மெக்வாரி தெருவில் இருக்கிற ஹைட் பார்க் பாரக்ஸுக்கு நடத்திக்கொண்டு போனேன். ஒரு காலத்தில் கைதிகளை அடைத்த கொட்டடி, இப்போது அருங்காட்சியகம்.

உள்ளே போகிற அவசரத்தில் முகப்பை விட்டுவிடாதீர்கள், முற்றத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மூன்று மாடிச் செங்கல் கட்டடம், பெரிய அலங்காரம் கிடையாது, ஜன்னல்கள் நூல் பிடித்த மாதிரி வரிசை. முக்கோண முகப்பில் கடிகாரம், அதோடு அப்போது இங்கே ஆட்சி செய்த பிரிட்டிஷ் கவர்னர் மெக்வாரியின் பெயர், 1817 என்ற ஆண்டு. வரைந்தவர் பெயர் அங்கே இல்லை. அவர் பிரான்சிஸ் கிரீன்வே, இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கத்துக் கட்டடக் கலைஞர். 1809இல் திவாலாகி, 1812இல் ஒரு ஒப்பந்தப் பத்திரத்தைப் போலியாகத் தயாரித்ததாக வழக்கு வந்து, நண்பர்கள் பேச்சைக் கேட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்ள, விதித்தது தூக்கு. அப்புறம் அது 14 வருட நாடுகடத்தலாகக் குறைந்தது. அந்தக் காலத்தில் பிரிட்டன் தன் கைதிகளைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 1814 பிப்ரவரியில் கைதியாகச் சிட்னியில் வந்து இறங்குகிறார், மனைவியும் பிள்ளைகளும் சில மாதம் கழித்து இன்னொரு கப்பலில் வந்து சேர்கிறார்கள். 1816இல் நாளுக்கு 3 ஷில்லிங் சம்பளத்தில் அரசுக் கட்டடக் கலைஞர் வேலை. அதே வருடக் கடைசியில் ஒரு ராணுவ கேப்டனிடம் சாட்டையடி வாங்கியதும் இவர்தான். வாய் சும்மா இருக்காத ஆள் போல.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. அதுவரை கைதிகள் ஊருக்குள் தாங்களே இடம் பார்த்துத் தங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒரே கூரைக்குக் கீழே அடைக்க இந்தக் கட்டடத்தை வரைந்தவரும் ஒரு கைதி, கட்டியவர்களும் கைதிகள். 1819இல் திறந்ததும் கிரீன்வேக்கு முழு மன்னிப்பு கிடைத்தது. மற்றவர்களுக்குப் பூட்டு, அவருக்குச் சாவி!

உள்ளே தலையில் ஒரு ஹெட்போன் மாட்டிவிடுகிறார்கள், எந்தப் பட்டனும் அழுத்த வேண்டாம், நாம் நிற்கிற இடத்துக்கு ஏற்றபடி அதுவே பேசும். அம்மா பத்து நிமிடத்தில் கழற்றிவிட்டு "நீயே சொல்லு" என்றார். மேல்மாடியில் கைதிகள் படுத்த மாதிரியான கித்தான் தொங்கல் படுக்கைகளை வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் முழங்கை நீட்ட இடமில்லை. "இதென்ன, தூளி மாதிரி இருக்கே" என்று கயிற்றை இழுத்துப் பார்த்தார். சுமார் 600 பேருக்கு என்று கட்டியது, சில காலம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்களை அடைத்திருக்கிறார்கள்.

எலிகளையும் சொல்லியாக வேண்டும். 1848க்கு அப்புறம் இங்கே குடியேற வந்த பெண்களைத் தங்கவைத்தார்கள். அவர்களுடைய துணிக் கிழிசல், காகிதம் எல்லாவற்றையும் எலிகள் தரைப் பலகைக்கு அடியில் கூடு கட்ட இழுத்துக்கொண்டு போயிருக்கின்றன, அதில் எவ்வளவோ அப்படியே கிடைத்திருக்கிறது. அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் அம்மா நின்ற நேரம் ஓபரா ஹவுஸ் முன்னால்கூட நிற்கவில்லை.

நான் பையில் ஒரு பழைய 10 டாலர் தாள் கொண்டு போயிருந்தேன், 1966இல் வந்தது, பிளாஸ்டிக் நோட்டு வரும்வரை புழக்கத்தில் இருந்தது. அதில் கிரீன்வே படம். கள்ளப் பத்திர வழக்கில் உள்ளே போனவரை டாலர் நோட்டில் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னதும் அம்மா நம்பவே இல்லை, தாளை வெளிச்சத்தில் பிடித்து "இது நல்ல நோட்டுதானா" என்று கேட்டார். ஆள் கடைசிவரை நன்றாக வாழ்ந்தார் என்று நினைக்காதீர்கள். 1822இல் அடுத்த கவர்னர் வேலையைவிட்டு எடுத்துவிட்டார், 1837இல் சிட்னிக்கு வடக்கே மெயிட்லண்ட் என்ற ஊர்ப் பக்கம் வறுமையில் இறந்தார்.

இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், வசதியான செருப்பு போடுங்கள். காபியை மட்டும் அவசரப்பட்டு எங்கேயாவது குடிக்காதீர்கள், வழியில் ஒரு கடையில் நாங்கள் வாங்கியது கழுநீர். இந்த அருங்காட்சியகத்துக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். வெளியே வந்ததும் சாலைக்கு எதிரே தெரிகிற செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தையும் பார்த்துவிடுங்கள், அதுவும் கிரீன்வே வரைந்ததுதான். எங்களுக்குக் கால் வலித்துவிட்டது, படியில் உட்கார்ந்து மிச்சமிருந்த முறுக்கைத் தின்றுவிட்டு ரயிலேறினோம்.