ஹேடனி கார்ப்பெட் அனிமோனுக்கு நிறம் வந்த கதை: மூன்று வருட அனுபவம்

2022 ஜூலையில் நான் வாங்கிய ஹேடனி வகை கார்ப்பெட் அனிமோன் (பாய்போல் விரியும் ஒரு கடல் விலங்கு), நனைந்த கோணிச் சாக்கின் நிறத்தில் இருந்தது. இன்று அது நல்ல பச்சை. நீல லைட்டை அணைத்துவிட்டு வெறும் வெள்ளை வெளிச்சத்தில் பார்த்தாலும் பச்சைதான். நடுவில் ஒருமுறை வெளிர் மஞ்சளாகிச் சாகும் நிலைக்கும் போய் வந்தது. கார்ப்பெட் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்பது "நிறம் ஏன் வரமாட்டேன் என்கிறது?" என்பதைத்தான். அதனால் என் குறிப்பேட்டில் இருப்பதை அப்படியே பகிர்கிறேன்.

டேங்க் மூன்றடி நீளம், இரண்டடி அகலம், தண்ணீர் ஏறக்குறைய 300 லிட்டர். மணல் ஐந்து அங்குலம். ஹேடனிக்கு இந்த ஆழம் அவசியம். அது மணலுக்குள் காலை இறக்கி, அடிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, மேலே பாயை விரித்தாற்போல் கிடக்கும். மணல் குறைவாக இருந்தால் இடம் தேடி அலையும். சென்னை வீடு என்பதால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் முடியாது, 26 டிகிரியில் வைத்திருக்கிறேன். உப்புத் தண்ணீரின் ஒப்படர்த்தி 1.025. போர் தண்ணீரை ஆர்ஓ, டிஐ வடிகட்டிகள் இரண்டிலும் விட்டு, கரைந்த உப்புகளின் அளவான டிடிஎஸ் 0 காட்டிய பிறகுதான் உப்பு கலப்பேன். லைட், கெஸ்சில் நிறுவனத்தின் ஏ360எக்ஸ் இரண்டு. உள்ளே குடியிருப்பது ஹேச்சரியில் பிறந்த செபே கோமாளி மீன் ஜோடி. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இந்த மீனும் இந்த அனிமோனும் சேர்ந்தே வாழ்கின்றன, ஆகவே வேறு ஜோடியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

வாங்கும்போது நிறத்தைப் பார்க்கவில்லை. வாய் இறுக மூடியிருக்கிறதா, காலில் கிழிசல் உண்டா, விரலை வைத்தால் ஒட்டிக்கொள்கிறதா, இவ்வளவுதான் பார்த்தேன். கடைக்காரரிடம் கேட்டு நீல டார்ச் அடித்துப் பார்த்தபோது விளிம்பில் மட்டும் லேசாகப் பச்சை மின்னியது. பின்னால் வந்த நிறத்துக்கு அந்த மின்னல்தான் ஆதாரம். அனிமோனின் உடலில் இயல்பாகவே இல்லாத நிறத்தை எந்த லைட்டும் கொண்டுவராது. பழுப்பு ஹேடனியை வாங்கி அதை சிவப்பாக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். கடையில் பளீர் மஞ்சளாக இருப்பதைக் கண்டும் மயங்காதீர்கள். சாயம் ஏற்றி விற்கும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. சில மாதங்களில் சாயம் போய், உள்ளே பாசியே இல்லாத வெள்ளை உடல் மிஞ்சும்.

பாசி என்றேன் அல்லவா, விஷயமே அதில்தான் இருக்கிறது. அனிமோனின் திசுவுக்குள் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசிகள் வாழ்கின்றன. வெளிச்சத்தில் அவை சமைக்கும் சர்க்கரையின் பெரும்பங்கு அனிமோனுக்குப் போகிறது. அவற்றின் நிறம் பழுப்பு. பச்சை, ஊதா, சிவப்பு எல்லாம் அனிமோன் தானே உண்டாக்கும் புரதங்களின் நிறம். பாசி நெருக்கமாக இருந்தால் இந்த நிறங்கள் அதன் பின்னால் மறைந்துவிடும். ஆக, பழுப்பு ஒரு நோயே கிடையாது. வெளிச்சம் குறைந்த இடத்தில் நன்றாகச் சாப்பிட்டு வாழும் அனிமோன் பழுப்பாகத்தான் இருக்கும்.

இது எனக்கு அப்போது புத்தகத்தில் படித்த செய்தியாக மட்டுமே இருந்தது. ஆறு மாதம் பழுப்பைப் பார்த்துச் சலித்து, தண்ணீரில் பாசியை வளர்க்கும் சத்து அதிகம் என்று முடிவுகட்டினேன். 2022 டிசம்பரில் பாஸ்பேட்டை உறிஞ்சும் ஜிஎஃப்ஓவை ரியாக்டரில் நிரப்பி ஓடவிட்டேன். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரையும் கூட்டினேன், தீனியைக் குறைத்தேன். பாஸ்பேட் 0.00 பிபிஎம், நைட்ரேட் 1க்கும் கீழே. இரண்டே மாதத்தில் பழுப்பு கலைந்து, எலுமிச்சை நிறம் வந்தது. நீல லைட்டில் ஜொலித்தது. பார்த்த நண்பர்கள் எல்லோரும் பாராட்டினார்கள், எனக்கும் பெருமை தாங்கவில்லை.

மார்ச்சில் ஒருநாள் இரவு இறால் வைத்தேன். துண்டு ஒட்டாமல் சரிந்து மணலில் விழுந்தது. அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். அனிமோனின் விரல்கள் (உடல் முழுக்க இருக்கும் ஒட்டும் உணர்கொம்புகள்) குட்டையாகியிருந்தன, வாய் அரைகுறையாகத் திறந்திருந்தது, விட்டம் 30 செ.மீ.யிலிருந்து 22க்குச் சுருங்கியிருந்தது. நான் நிறம் என்று கொண்டாடியது அதன் பட்டினி. பாசி வெளியேறிக்கொண்டிருக்க, நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். இன்றும் அந்தப் படங்களைப் பார்த்தால் மனசு கனக்கிறது.

ஜிஎஃப்ஓவை அன்றே நிறுத்தினேன். லைட்டைப் பாதியாக்கினேன், ஏனென்றால் பாசி குறைந்த உடலுக்குக் கடும் வெளிச்சம் இன்னும் கெடுதல். தீனியை ஒரு நாள் விட்டு ஒரு நாள், மிகச் சின்னத் துண்டாகக் கொடுத்தேன். கோமாளி மீன்களுக்கும் தாராளமாகப் போட்டேன். அவற்றின் கழிவில் வரும் அம்மோனியா அனிமோனுக்குள் இருக்கும் பாசிக்கு உரம். பாஸ்பேட் 0.05க்கும் நைட்ரேட் 8க்கும் வந்து நிலைத்தது. ஐந்து மாதம் கழித்து, 2023 ஆகஸ்டில், பழைய சாக்கு நிறம் முழுசாகத் திரும்பியது. அன்று அந்தப் பழுப்பைப் பார்த்து நான் பட்ட சந்தோஷம், பிறகு பச்சை வந்தபோதுகூட இல்லை.

அதற்கப்புறம் செய்த எல்லாமே நிதானம்தான். பாசிக்குப் பயன்படும் ஒளியின் அளவைக் காட்டும் அபோஜி பார் மீட்டரை நண்பரிடம் இரவல் வாங்கி அளந்தேன், அனிமோன் இருக்கும் இடத்தில் 150. அக்டோபரிலிருந்து லைட்டை வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றத் தொடங்கினேன். டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் தெருவில் இரண்டரை நாள் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் முதல் நாளே தீர்ந்தது, பேட்டரி ஏர் பம்ப் ஒன்று மட்டும் விடாமல் ஓடியது. குளிர்ந்த நாட்கள் என்பதால் சூடு ஏறவில்லை, அதுவே பெரிய புண்ணியம். அனிமோன் கைமுட்டி அளவுக்குச் சுருங்கி, ஒரு வாரம் கழித்துத்தான் விரிந்தது. லைட்டை மறுபடியும் 150க்கு இறக்கி, ஜனவரியிலிருந்து முதல்படியில் தொடங்கினேன். 2024 மார்ச் கடைசியில் 280ஐத் தொட்டது. அதற்குமேல் ஏற்றவில்லை. ஏற்றும் நாட்களில் விரல்களை உள்ளிழுத்துக்கொண்டால் அந்த வாரம் அப்படியே விட்டுவிடுவேன்.

முதல் பச்சை 2024 மே மாதம் விளிம்பில் தெரிந்தது, கடையில் டார்ச் அடித்தபோது மின்னிய அதே இடத்தில். அங்கிருந்து உள்நோக்கிப் பரவ எட்டு ஒன்பது மாதம் ஆனது. நீல ஒளி அதிகமானால் இந்தப் புரதங்கள் கூடுதலாக உற்பத்தியாகும் என்பது பவளங்களில் நன்றாகத் தெரிந்த விஷயம். என் அனிமோனும் அதே வழியில்தான் போனது என்று நினைக்கிறேன். பாசியும் உடம்பில் இருந்துகொண்டே நிறமும் வந்தது, அதனால் ஒட்டும் பிடி துளியும் குறையவில்லை.

நிறத்தை எப்படி அளந்தேன் என்பதைக் கட்டாயம் சொல்லவேண்டும். நீல லைட்டில் எல்லாமே அழகாகத் தெரியும், கண் ஏமாறும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, மதியம் ஒரு மணிக்கு, லைட்டை வெள்ளைக்கு மாற்றி, மொபைலில் ஒயிட் பேலன்ஸைக் கையால் அமைத்து ஒரே கோணத்தில் படம் எடுப்பேன். படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன் இருக்கும். ஸ்பூன் நீலமாகத் தெரிந்தால் அந்தப் படத்தைக் கணக்கில் சேர்க்கமாட்டேன். பட்டினி மஞ்சளின்போது இந்தப் பழக்கம் இருந்திருந்தால் ஜனவரியிலேயே விழித்திருப்பேன்.

இந்தப் படங்களால் இன்னொன்றும் தெரிந்தது. நிறம் கூட்டும் என்று சொல்லி விற்கும் ஒரு திரவத்தை மூன்று மாதம் அளவு தவறாமல் ஊற்றினேன். முன்னும் பின்னும் எடுத்த படங்களை அருகருகே வைத்தால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மாதத்துக்கு இருமுறை 15 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறேன், தண்ணீரின் காரத்தன்மையைக் குறிக்கும் அல்கலினிட்டி 8 முதல் 8.5 டிகேஹெச் என்ற அளவுக்குள் நிற்கிறது. அந்த பாட்டில் காசில் நல்ல உப்பு வாங்கலாம்.

தீனி இப்போது வாரத்துக்கு இருமுறை. மார்க்கெட்டில் வாங்கும் இறாலை ஓடு நீக்கி, அலசி, ஃப்ரீசரில் வைத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டிப் போடுகிறேன். சில நாள் மீன் துண்டு. பெரிய துண்டாகக் கொடுத்தால் மறுநாள் கோழையோடு கக்கிவிடும், டேங்க் முழுக்க நாறும். ஹேடனியின் பிடி பொல்லாதது, தூங்க இடம் தேடி வந்த ஒரு ஃபயர்ஃபிஷ்ஷை அது விழுங்கியதை நானே பார்த்தேன். அதன் பிறகு கோமாளி ஜோடியைத் தவிர வேறு மீன் விடுவதில்லை.

இந்த ஆகஸ்ட் முதல் தேதிப் படத்தில் விட்டம் 38 செ.மீ. வாயைச் சுற்றி உள்ளங்கை அளவுக்கு இன்னும் பழுப்பு இருக்கிறது, அதை நான் தொந்தரவு செய்யப்போவதில்லை. பாயின் விளிம்பு ஒரு பக்கம் கண்ணாடியைத் தொட ஆரம்பித்துவிட்டது. ஐந்தடி டேங்குக்கு அளவு கொடுத்திருக்கிறேன். அங்கே மாற்றும் அன்று லைட் மறுபடியும் 150லிருந்துதான் தொடங்கும்.