பழைய பிளேஸ்டேஷன் டிஸ்க்குகளை மாற்றித் தருவதாகச் சொல்பவர்களிடம் கொடுப்பதற்கு முன்

வீட்டில் கிடக்கும் பழைய வீடியோ கேம் டிஸ்க்குகளைப் புதிய டிவியில் ஆடும்படி மாற்றித் தருவதாகச் சொன்ன காரைக்குடிக் கடை ஒன்றில் 7,500 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்தேன். பணத்தைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. அதே எண்ணத்தோடு இருப்பவர்கள் இதை முழுவதும் படித்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1999-இல் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா, அண்ணனுக்கும் எனக்கும் ஒரு பிளேஸ்டேஷன் கொண்டு வந்தார்கள். அதோடு வந்த டிஸ்க்குகள் ஜப்பானியப் பதிப்பு. அவற்றில் டெக்கன் 3-ம், இரண்டு டிஸ்க் கொண்ட பயோஹசார்ட் 2-ம் எங்கள் இரண்டாங்கட்டு அறையில் பல கோடை விடுமுறைகளை எடுத்துக்கொண்டன. அண்ணன் மலேசியாவுக்குப் போன பிறகு பெட்டி அலமாரிக்குள் சென்றது. இந்தச் சித்திரையில் அண்ணன் மகன் வந்திருந்தபோது எடுத்துப் பார்த்தால் டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸ் ஓய்ந்திருந்தது. புதிய டிவியிலோ மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களைச் சொருக இடமே இல்லை.

அந்தக் கடைக்காரத் தம்பி, "அண்ணே, டிஸ்க், மெமரி கார்டு எல்லாத்தையும் குடுத்துட்டுப் போங்க, உள்ள இருக்கிறத அப்படியே இந்த ஸ்டிக்குல ஏத்திக் குடுத்துடுறேன், விட்ட எடத்துலருந்து ஆடலாம்" என்றார். அவர் சொன்னது நடக்கக்கூடிய காரியம்தான் என்பதால் நம்பினேன். எமுலேட்டர் என்பது பழைய கன்சோலின், அதாவது ஆட்டப் பெட்டியின், செயலி, படக்காட்சி, ஒலி ஆகிய எல்லாவற்றையும் மென்பொருளால் நடித்துக் காட்டும் நிரல். முதல் பிளேஸ்டேஷனின் செயலி 34 மெகாஹெர்ட்ஸுக்கும் சற்றுக் குறைவான வேகம் கொண்டது. அதன் நினைவகம் 2 எம்பி. இன்றைய சாதாரணக் கைப்பேசிகூட அதைச் சிரமமில்லாமல் நடித்துவிடும். டிஸ்க்கிலிருந்து பிம்பக் கோப்பு (உள்ளதை அப்படியே நகலெடுத்த கோப்பு) எடுப்பதும், ஆட்டத்தில் விட்ட இடத்தைச் சேமித்து வைக்கும் மெமரி கார்டில் உள்ள 128 கேபியை ஒரே கோப்பாகப் படித்து எமுலேட்டருக்குக் கொடுப்பதும் முறையறிந்தவர்கள் செய்கிற வேலைகளே.

பத்து நாள் கழித்து, டிவியில் சொருகி ஆடும் அந்த ஸ்டிக் வந்தது. பயோஹசார்ட் 2-ஐத் திறந்தேன். திரையில் ரெசிடென்ட் ஈவில் 2 என்று எழுத்து வந்தது. ஜப்பானுக்கு வெளியே அதே ஆட்டத்துக்கு வைத்த பெயர் அது. என் டிஸ்க்கிலிருந்து எடுத்திருந்தால் அந்தப் பெயர் வருவதற்கு வழியே இல்லை. எங்கேயோ இறக்கிய அமெரிக்கப் பதிப்பை ஏற்றிவிட்டு, என் டிஸ்க்குகளை மேசை இழுப்பறையில் பத்து நாள் வைத்திருந்து திருப்பித் தந்திருக்கிறார்கள். அதனாலேயே "விட்ட இடத்திலிருந்து" என்ற பேச்சும் பொய்யாயிற்று. பிளேஸ்டேஷனில் சேமித்த ஒவ்வொரு நிலையின் பெயரிலும் அது எந்தப் பதிப்பு என்ற எண் சேர்ந்தே இருக்கும். ஜப்பானியப் பதிப்பில் சேமித்ததை அமெரிக்கப் பதிப்பு தன்னுடையதாகக் கண்டுகொள்ளாது. அதாவது அவர்கள் முயன்றிருந்தாலும் அந்தக் கோப்போடு என் கார்டு சேர்ந்திருக்காது. முயலவும் இல்லை.

ஸ்டிக்கில் 15,000 ஆட்டங்கள், பிளேஸ்டேஷன் 2 உட்பட, 128 ஜிபி கார்டில் உள்ளதாக அட்டையில் அச்சிட்டிருந்தது. இந்தக் கணக்கை வாங்கும் முன்பே போட்டிருக்க வேண்டும், நீங்களாவது போடுங்கள். பிளேஸ்டேஷன் 2-இன் டிவிடி ஒன்று 4.7 ஜிபி வரை கொள்ளும். அந்த அளவை நிரப்பும் ஆட்டங்களானால் 128 ஜிபியில் 27-க்கு மேல் அடங்காது. மறுபக்கம், பழைய நின்டெண்டோவின் சூப்பர் மேரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கேபி. ஆகவே ஆயிரக்கணக்கில் எண்ணிக்கை காட்ட வேண்டுமானால் இத்தகைய சிறிய ஆட்டங்களையே வெவ்வேறு பெயரில் திரும்பத் திரும்ப அடுக்குவார்கள். கான்ட்ரா என்ற ஆட்டத்தை மட்டும் நான் 14 பெயர்களில் கண்டேன். பிளேஸ்டேஷன் 2 ஆட்டங்கள் திறந்தாலும் ஒலி விக்கி விக்கி, ஆள் நீருக்குள் நடப்பதுபோல் நகர்ந்தது. அந்தக் கன்சோலை ஒழுங்காக நடிக்க வைக்கக் கணிசமான வலுவுள்ள கணினி வேண்டும். அந்த ஸ்டிக்குக்குள் இருப்பது அதற்கான சில்லு அன்று.

பட்டியலில் பாதிக்குக் கீழே போனால் எதைத் தொட்டாலும் கறுப்புத் திரை. ஸ்டிக்கில் இருந்த கார்டைக் கழற்றி எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலால் சோதித்தேன். (சோதிக்கும் முன் உள்ளே இருப்பதை வேறிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள், அந்த நிரலுக்குக் காலியிடம் வேண்டும்.) உண்மையில் எழுதி மீளப் படிக்க முடிந்தது 29 ஜிபி மட்டும். இத்தகைய போலிக் கார்டுகளில் கட்டுப்பாட்டுச் சில்லே கணினியிடம் பொய்யான கொள்ளளவைச் சொல்லும்படி செய்திருப்பார்கள். உள்ள இடம் தீர்ந்த பின்னும் எழுதுவதுபோல் காட்டும். எழுதியது எங்கும் இருக்காது.

எமுலேட்டர்களுக்குத் தனியே 1,500 ரூபாய் வாங்கியதையும் சொல்ல வேண்டும். பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் இயக்கும் ரெட்ரோஆர்ச் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடியது. அதில் இருந்த எஸ்நெஸ்9எக்ஸ் என்ற சூப்பர் நின்டெண்டோ எமுலேட்டரின் உரிமமோ வணிக நோக்கில் விற்பதை அனுமதிப்பதே இல்லை. தங்கள் நேரத்தைச் செலவிட்டு ஆண்டுக்கணக்கில் இவற்றை எழுதியவர்களின் உழைப்பை இப்படி விலை வைத்து விற்பது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

இனி மெமரி கார்டு. நண்பரின் பிளேஸ்டேஷனில் சொருகிப் பார்த்தபோது 15 கட்டங்களும் காலியாக இருந்தன. அண்ணன் 2001 வரை ஆடிச் சேர்த்தது எல்லாம் போயிருந்தது. கேட்டதற்கு, "அது ரொம்பப் பழசு அண்ணே, தானா அழிஞ்சிருக்கும்" என்று பதில் வந்தது. கடைக்குக் கொடுப்பதற்கு முந்தைய வாரம் அதே நண்பர் வீட்டில் அந்தக் கட்டங்களில் படங்கள் அசைவதைப் பார்த்தவன் நான். கொடுக்கும் முன் அந்தத் திரையை ஒரு புகைப்படம் எடுக்கவில்லை, டிஸ்க்குகளின் உள்வளையத்தில் உள்ள எண்களைக் குறித்துக்கொள்ளவில்லை, ரசீதும் கேட்கவில்லை. கையில் இருந்தவை ஜிபே பதிவும் வாட்ஸாப்பில் அவர் அனுப்பிய "டிஸ்க்லருந்து எடுத்தாச்சு" என்ற செய்தியும்தான். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் அவற்றை வைத்துப் புகார் பதிந்த பிறகு 4,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதிக்குச் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டிஸ்க்குகளைப் பிறகு நானே வீட்டுக் கணினியின் டிவிடி டிரைவில் இட்டுப் பிம்பம் எடுத்தேன். மூன்று டிஸ்க்குக்கும் ஒரு முற்பகல் போதுமானதாக இருந்தது. டக்ஸ்டேஷன் என்ற பிளேஸ்டேஷன் எமுலேட்டரில் இப்போது பயோஹசார்ட் 2 என்ற பெயரோடு திறக்கிறது.

மெமரி கார்டை மட்டும், நண்பர் வீட்டில் காலியாகக் கண்ட பிறகு, எதிலும் சொருகவில்லை. பிளேஸ்டேஷனில் ஒரு நிலையை நீக்கும்போது கார்டின் முதற்பகுதியில் உள்ள அட்டவணையில் ஒரு குறி மட்டுமே மாறுகிறது. அதன் மேல் புதிதாக எழுதாதவரை உள்ளே உள்ளது கிடக்கும் என்று அறிந்தேன். அவர்கள் வெறுமனே நீக்கினார்களா, முழுவதும் அழித்தார்களா என்பது படித்துப் பார்த்தால்தான் தெரியும். ஆர்டுயினோ என்ற சிறிய மின்னணுப் பலகையில் கார்டை இணைத்து அந்த 128 கேபியையும் எடுக்க முடியும் என்று பொறியியல் படிக்கும் அக்காள் மகன் சொல்கிறான். பொங்கலுக்கு வருகிறான். அதுவரை அதை ஒரு சிறிய டப்பாவில் போட்டு, சித்தப்பா கொண்டு வந்த அதே அட்டைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.