இம்பிளாண்ட் பல் கட்டுகிறீர்களா? ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள்

ஹட்டன், தலவாக்கலை பக்கம் இம்பிளாண்ட் பல், அதாவது தாடை எலும்பில் திருகு வைத்து அதன் மேல் மாட்டும் பல், கட்ட யோசிப்பவர்கள் சல்லியைக் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள். முறைப்பாடு போட்டிருப்பதால் கிளினிக்கின் பெயரை இங்கே எழுதவில்லை.

அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். கீழ்க் கடைவாயில் இரண்டு பல் இல்லை. கழற்றி மாட்டும் பல் முரசில் உரசிப் புண்ணாக்கியது. ஈ.பி.எப். சல்லி கைக்கு வந்ததும் டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். "அம்மா, இன்னைக்கே பல்லோட வீட்டுக்குப் போகலாம். சுவிஸ் சாமான், ஆயுசுக்கும் அசையாது" என்றார்கள். எடுத்தது ஒரேயொரு சின்ன எக்ஸ்ரே. சீனி வருத்தம் இருக்கு என்று அம்மா சொன்னதற்கு, "மருந்து குடிக்கிறீங்க தானே, பரவாயில்ல." இரத்தம் பார்க்கவே இல்லை. மூன்று லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு தந்த பில்லில் "பல் சிகிச்சை" என்று மட்டும் இருந்தது.

சில மாதத்தில் ஒரு பல் ஆடத் தொடங்கியது. முரசை அமுக்கினால் சீழ். திரும்பப் போனால், "வெத்தில போட்டிருப்பீங்க" என்று பழி. அம்மா வெற்றிலையைத் தொட்டதே இல்லை. தோட்டத்துப் பொம்பளை என்றால் வெற்றிலை வாய்தான் என்று அவர்களாகவே முடிவுகட்டிவிட்டார்கள். போதாக்குறைக்கு, ஜப்பானில் பல் முளைக்க வைக்கும் ஊசி வருகிறதாம், முற்பணம் கட்டினால் பெயர் பதிந்து வைப்பார்களாம்! அந்த மருந்தை மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனையே 2024இல்தான் கியோட்டோவில் தொடங்கியது. அதுவும் முதலில் பாதுகாப்பானதா என்று பார்க்கும் கட்டம். அதற்கு ஹட்டனில் முற்பணம்!

பிறகு அம்மாவைக் கூட்டிப்போன பேராதனை பல் போதனா வைத்தியசாலையில் டொக்டர் முதலில் கேட்டது, "எந்தக் கம்பனி இம்பிளாண்ட்?" எங்களிடம் பதில் இல்லை. கம்பனிக்குக் கம்பனி உள்ளே இருக்கும் பொருத்து வேறு, திருகைக் கழற்றும் சாவியும் வேறு. பெட்டியிலேயே கம்பனி, அளவு, தொகுதி இலக்கம் அச்சிட்ட ஸ்டிக்கர் வரும். ஒன்று ஃபைலில் ஒட்ட, இன்னொன்று நோயாளிக்குத் தர. எங்களுக்கு ஒன்றும் தரவில்லை.

திருகு செய்யும் டைட்டேனியம் என்ற உலோகத்தோடு எலும்பு ஒட்டி வளர்வதை 1952இல் சுவீடனின் வைத்தியர் பிரேனமார்க் முயல் எலும்பில் கண்டார். 1965இல் மனிதருக்கு வைத்தார். அந்த ஒட்டுதல்தான் இம்பிளாண்டின் உயிர். வழமையாக அதற்குக் கீழ்த்தாடையில் மூன்று மாதம், மேல்தாடையில் ஆறு மாதம் வரை விடுவார்கள். ஒரே நாளில் பல் மாட்டுவது எப்போதும் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். முப்பரிமாண ஸ்கேனில் எலும்பைப் பார்த்து, திருகு இறுக்கமாக நின்றால் செய்கிறார்கள். சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு எலும்பு ஆறுவது மெதுவாகும், கிருமியும் சுலபமாகப் பிடிக்கும். கடைசி மூன்று மாதச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையைப் பேராதனையில்தான் முதன்முதலாகக் கேட்டார்கள். எண்ணைப் பார்த்ததும் டொக்டர் தலையாட்டினார்.

பல் வைப்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவானவரா என்றும் பாருங்கள். சுவரில் தொங்கும் சட்டம் போட்ட சான்றிதழ் போதாது.

ஆடிய திருகைப் பேராதனையில் எடுத்துவிட்டார்கள். மற்றது இப்போதைக்கு நிற்கிறது. நாளைக்கு அதன் மேல் மாட்டிய பல் உடைந்தால் எந்தச் சாவியால் கழற்றுவது? கிளினிக்குக்குக் கடிதம் போட்டும் பதில் இல்லை. டவுனில் "இன்னைக்கே பல்லோட வீட்டுக்கு" என்ற இடத்தில் கட்டியவர்கள் யாராவது ஸ்டிக்கர் வைத்திருந்தால், படம் எடுத்து இன்பொக்ஸில் அனுப்புங்கள்.