கறை படிந்த டயல்: புதுப்பிப்பதா, அப்படியே விடுவதா?

அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்தை இழுப்பறையிலிருந்து எடுத்தபோது, டயலில் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே டீ சிந்தியதைப் போல ஒரு கறை. சாவி கொடுத்ததும் ஓடத் தொடங்கிவிட்டது. பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டால் போதும் என்ற நிலை. டயலை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. மூன்று வழிகள் இருந்தன: அப்படியே விடுவது, பெயின்ட் அடித்துப் புதிதாக அச்சிடுவது (மறுபூச்சு), வேறொரு பழைய ஜனதாவின் அசல் டயலை மாற்றிப் பொருத்துவது. நான் அப்படியே விட்டேன்.

முடிவெடுக்கும் முன் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். பழைய பிளாஸ்டிக் கண்ணாடியின் மஞ்சளும் கீறலும் டயலின் கறையாகத் தெரிவது உண்டு. என் கடிகாரத்தில் பாதி அழுக்கு கண்ணாடியோடு போய்விட்டது. மீதியைப் பத்து மடங்கு லென்ஸில், வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தேன். கறை மேலே ஒட்டியிருக்கவில்லை. அரக்குப் பூச்சுக்கு அடியில் இறங்கியிருந்தது. மூன்று மணிப் பக்கம் உள்ள சாவித் திருகின் வழியாகப் புகுந்த ஈரம் என்பது அது இருந்த இடத்திலேயே தெரிந்தது.

மேலே ஒட்டிய தூசி என்றால், கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் ரோடிகோ என்ற பசை உருண்டையால் ஒற்றி எடுக்கலாம். தேய்க்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு, சோப்பு நீர் என்று வீட்டு வைத்தியம் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். பல டயல்களில் எழுத்து பூச்சுக்கு மேலே இருக்கிறது. துடைத்தால் முதலில் போவது எழுத்து, கறை அல்ல. முன்பு வேறொரு கடிகாரத்தில் ஈரப் பஞ்சை ஒரே ஒரு முறை இழுத்தேன். நான்கு நிமிடக் கோடுகள் பஞ்சோடு வந்துவிட்டன. இன்னும் மனம் ஆறவில்லை. 1960கள் வரை வந்த வெளிநாட்டுக் கடிகாரமாக இருந்து, எண்களில் பழுப்பேறிய, இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்தால் அது கதிரியக்கம் உள்ள ரேடியமாக இருக்கலாம். அதைச் சுரண்டவும் கூடாது, ஊதவும் கூடாது.

மறுபூச்சு என்றால் பழைய டயலைச் செப்பனிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பூச்சையும் எழுத்தையும் பித்தளைத் தகடு வரை அழித்துவிட்டு, அதன்மேல் வேறொரு டயலை வரைகிறார்கள். என் முடிவைத் தீர்மானித்தது இதுதான். இன்று விட்டுவைத்த டயலுக்குப் பத்து ஆண்டு கழித்தும் பெயின்ட் அடிக்கலாம். பெயின்ட் அடித்த டயலிலிருந்து பழையதைத் திரும்பப் பெற வழியே இல்லை. எச்.எம்.டி. கடிகார உற்பத்தி ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961இல் பெங்களூரில் தொடங்கியது; எச்.எம்.டி. வாட்சஸை மூட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்துவிட்டது. அன்றைய அச்சில் அந்த எழுத்தை இனி யார் தருவார்கள்? மறுபூச்சு டயலை லென்ஸில் பார்த்தால் எழுத்தின் ஓரம் ஊறிப் பருத்திருக்கும், நிமிடக் கோடு மணிக் குறிக்கு நேராக நிற்காது. என் டயலில் தேவநாகரியில் உள்ள ‘ஜனதா’ மயிரிழை பிசகாமல் இருக்கிறது. கறை அதைத் தொடவில்லை.

விற்பனையிலும் கதை இதேதான். கம்பெனி ஒருபோதும் தராத நிறங்களில் பூசிய ஜனதாக்கள் சந்தையில் குவிந்து கிடப்பதால், சேகரிப்பவர்கள் கறை படிந்த அசலுக்குத்தான் கூடுதல் விலை தருகிறார்கள்.

பூச்சு உரிந்து மணியே படிக்க முடியவில்லை, பச்சைக் களிம்பு தகட்டை அரித்துவிட்டது, தினமும் கட்டியாக வேண்டும் என்றால் மறுபூச்சு தவறில்லை. விற்கும்போது அதைச் சொல்லிவிட வேண்டும். மாற்று டயலை நான் ஒரே ஒரு முறைதான் செய்திருக்கிறேன். அதே மாடல் என்பதால் டயலை இயந்திரத்தில் பொருத்தும் பின்கால்கள் சரியாக உட்கார்ந்தன. ஆனால் அதற்காக இன்னொரு கடிகாரத்தைப் பிரித்துப் போட்டது உறுத்தலாகவே இருந்தது.

அப்பாவின் கடிகாரத்துக்குப் புதிய கண்ணாடியும் புதிய சாவித் திருகும் போட்டேன். ஈரம் நின்றால் கறையும் நிற்கும் என்ற கணக்கு. அன்றே டயலைப் படம் எடுத்து வைத்தேன். ஒரு மழைக்காலம் போன பிறகு லென்ஸில் ஒப்பிட்டேன்: கறையின் ஓரம் நான்கு மணிக் குறியைத் தொட்ட இடத்திலேயே நிற்கிறது.