நிலாவெளியா, உப்புவெளியா?

இரண்டும் திருகோணமலைக்கு வடக்கேயுள்ள கடற்கரைகள். திருகோணமலைக்கு இரண்டு நாள்தான் என்றால் உப்புவெளியில் தங்குவதே வசதி. ரவுணிலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர். கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் ஓட்டோவே போதும். நிலாவெளி இன்னும் வடக்கே. சனம் குறைவு, இராச் சாப்பாட்டுக்குக் கடை தேட வேண்டும்.

ஆனால் கடலடி முருகைக்கல் (பவளப்பாறை) பார்க்கப் போகும் புறாத்தீவுதான் நோக்கமென்றால் நிலாவெளியே. கரையிலிருந்து ஒரு கிலோமீற்றரளவுதான். உப்புவெளியிலிருந்தும் வள்ளம் போகும், ஓட்டம் நீளம், கூலியும் கூட. காலையில் வெள்ளெனப் போங்கள்: காற்று எழும்பினால் நீர் கலங்கி முருகைக்கல் தெரியாது. தீவின் கரையெல்லாம் உடைந்த முருகைத் துண்டுகள், இறப்பர்ச் செருப்பு தேவை. உயிருள்ள முருகைப் பாறையில் கால் படக்கூடாது. நுழைவுக் கட்டணமும் வள்ளக் கூலியும் வேறு வேறு, முதலே கேளுங்கள்.

மார்கழி, தையில் வருபவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. வாடைக் கடலில் வள்ளம் பெரும்பாலும் இறங்காது, உப்புவெளிதான்.